இடுப்புக்குழிச் சீழ்க்கட்டி: ஸ்கேன் இல்லாத இடத்திலும் உயிர் காக்க முடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்பகப் புற்றுநோய், கருப்பைவாய்ப் புற்றுநோய், இரத்தசோகை, பிரசவத்திற்குப் பின் ஏற்படும் இரத்தப்போக்கு ஆகியவை குறித்து நாளிதழ்களில் இப்போது விரிவாக எழுதப்படுவது மனநிறைவைத் தருகிறது. ஆனால் வசதி குறைந்த மருத்துவமனைகளின் பெண்கள் வார்டில் பணிபுரிவோர் அடிக்கடி சந்திக்கிற, உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்தக்கூடிய, தவறவிட்டால் உயிரையே பறித்துவிடக்கூடிய ஒரு நோய் பற்றி எவரும் எழுதிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. பெண்களின் இடுப்புக்குழிக்குள் சீழ் கட்டிக்கொள்வதைத்தான் சொல்கிறேன். மகப்பேறு மற்றும் பெண்கள் நல மருத்துவராகப் பெரும்பாலும் சிறிய மருத்துவமனைகளிலேயே பணியாற்றி வந்தவள் நான். தங்கள் வாசகர்களுள் இளம் மருத்துவர்களும் செவிலியரும் பலர் இருப்பார்கள் என்பதால், சிகிச்சையின் நுட்பங்களையும் சற்று விரிவாகவே எழுத அனுமதி கோருகிறேன்.

இந்நோய் தவறிப்போகும் போதெல்லாம் கருவிப் பற்றாக்குறையைக் காரணமாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. சி.டி. ஸ்கேன் இல்லை, நல்ல ஆய்வுக்கூடம் இல்லை என்கிறோம். அவை இருந்தால் நல்லதுதான். ஆயினும் நான் கண்ட இழப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு வேறு இரண்டு காரணங்கள் இருந்தன. கையுறை அணிந்த விரலால் யோனி வழியாகவோ மலக்குடல் வழியாகவோ செய்ய வேண்டிய பரிசோதனையை யாருமே செய்திருக்கவில்லை என்பது முதலாவது. சீழ் இருப்பது தெரிந்த பிறகும் அதை வெளியேற்றாமல், ஒரு மருந்தை நிறுத்தி இன்னொன்றைத் தொடங்கி நாள்களைக் கடத்தியது இரண்டாவது. இவ்விரண்டையும் சரிசெய்வதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.

கருப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவே ஒரு பள்ளம் உள்ளது. 18ஆம் நூற்றாண்டில் அதை விவரித்த ஸ்காட்லாந்து உடற்கூற்றியல் அறிஞர் ஜேம்ஸ் டக்ளஸின் பெயராலேயே இன்றும் மருத்துவர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். பெண்ணின் வயிற்றறையில் மிகத் தாழ்வான இடம் அதுதான். ஆகவே வயிற்றுக்குள் சீழ் எங்கே உண்டானாலும் பெரும்பாலும் வழிந்து வந்து அங்கே தங்குகிறது. பால்வினைத் தொற்று கருப்பைவாய் வழியாக மேலேறிக் கருக்குழாயையும் சினைப்பையையும் பற்றி அவற்றை ஒரே சீழ்ப்பையாக மாற்றிவிடுவது ஒரு வழி. சுத்தமற்ற முறையில் செய்யப்பட்ட கருக்கலைப்பு, முழுமையாக வெளியேறாத கருச்சிதைவு, பிரசவத்திற்குப் பின் கருப்பையில் ஏற்படும் தொற்று, சிசேரியன், கருப்பை நீக்க அறுவை ஆகியவை வேறு சில வழிகள். வெடித்த குடல்வால் மற்றொன்று; பெண்ணின் அடிவயிற்றில் சீழ் என்றவுடன் கருப்பையை மட்டுமே நினைத்து, குடல்வாலை மறந்துவிடுவதும் நடக்கிறது. தொடக்கத்தில் கொனோரியா, கிளமிடியா போன்ற கிருமிகள் கதவைத் திறந்துவிட்டிருந்தாலும், கட்டி முற்றும்போது அதற்குள் குடியிருப்பவை பெரும்பாலும் ஈ. கோலை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ், பாக்டீராய்டிஸ் முதலியவை கலந்த ஒரு கூட்டமே. அவற்றில் பல, காற்றில்லாத இடத்தில் செழித்து வளர்பவை. சீழ் வெளிவரும்போது அறையையே நிறைக்கும் அந்தத் துர்நாற்றம் இவற்றால் வருவது.

நோயின் அறிகுறிகளை மருத்துவப் பாடநூல்கள் தெளிவாகவே சொல்கின்றன. அடிவயிற்று வலி, மாலையில் ஏறிக் காலையில் இறங்கும் காய்ச்சல், நாற்றத்துடன் கூடிய வெள்ளைப்படுதல், உடலுறவின்போது வலி. ஆனால் நோயாளி பல நேரங்களில் வேறொரு புகாருடன்தான் வருகிறார். சீழ்ப்பை மலக்குடலின் முன்சுவரை அழுத்துவதால் மலம் கழிக்க வேண்டும் என்ற உணர்வு ஓயாமல் இருக்கும். போய் உட்கார்ந்தால் சளி மட்டும் சிறிதளவு வரும். சிறுநீர்ப்பையைத் தொட்டுக்கொண்டிருந்தால் அடிக்கடி சிறுநீர் வரும். முதலாவது சீதபேதி என்றும் இரண்டாவது சிறுநீர்த் தொற்று என்றும் எழுதப்பட்டு, மாத்திரைச் சீட்டுடன் அவர் திருப்பி அனுப்பப்படுகிறார். அந்த மாத்திரைகள் நோயை அரைகுறையாக அடக்கி, காய்ச்சலைச் சில நாள்களுக்கு மறைத்து, கட்டியை மட்டும் வளரவிடுகின்றன.

இப்படி வந்த ஒரு பெண்ணைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கரு கலைந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. கலைந்தது பற்றி அவரிடம் பலரும் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கும் உறவினர்கள் சூழ நின்றதால் அவர் சொல்லவில்லை. வயிற்றுப்போக்கு என்றே எல்லாச் சீட்டுகளிலும் எழுதியிருந்தது. உதடு வறண்டு, நாடி விரைந்து, முழங்கால்களை மடக்கியபடி ஒருபக்கமாகப் படுத்திருந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்ததில் தொப்புளுக்குக் கீழே இலேசான விறைப்பு மட்டுமே தெரிந்தது. மலக்குடலில் விரல் வைத்த மறுகணமே அதன் முன்சுவர் உள்நோக்கிப் புடைத்திருப்பதும், அது சூடாகவும் தொளதொளவென்றும் இருப்பதும் புலப்பட்டது. வலியில் அவர் கட்டிலின் விளிம்பைப் பற்றிக்கொண்டார். ஸ்கேன் எந்திரம் அப்போது பழுதாகிக் கிடந்தது. யோனியின் பின்வளைவு (கருப்பைவாய்க்குப் பின்னால், அந்தப் பள்ளத்தை ஒட்டியுள்ள யோனிச் சுவர்) வழியாக ஊசியைச் செலுத்தி இழுத்தபோது சிரிஞ்சு முழுவதும் சாம்பல் கலந்த பச்சை நிறச் சீழ் நிறைந்தது. அந்த வழியையே அகலப்படுத்திச் சீழை வடித்தோம். அன்றிரவே காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. அந்த ஒரு விரல் பரிசோதனை முதல் நாளே நடந்திருக்குமானால், அவர் அத்தனை காலம் துன்பப்பட்டிருக்க மாட்டார் என்பது இன்றும் என் மனத்தை அறுக்கிறது.

பரிசோதனை ஏன் நடப்பதில்லை என்பதற்கும் காரணங்கள் உண்டு. கூட்டம் நிறைந்த வெளிநோயாளர் அறையில் திரையோ தடுப்போ இருப்பதில்லை. உடன் நிற்கப் பெண் செவிலியர் கிடைப்பதில்லை. ஆண் மருத்துவர் தயங்குகிறார், நோயாளி கூசுகிறார். மணமாகாத பெண் என்றால் அந்தப் பேச்சே எழுவதில்லை. யோனிவழிப் பரிசோதனை செய்ய இயலாத பெண்ணுக்கும், அவரது ஒப்புதலுடன், மலக்குடல் பரிசோதனை செய்ய முடியும். சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது வயிற்றின் மேலிருந்தே ஸ்கேன் எடுக்கவும் முடியும். எதையும் செய்யாமல் இருப்பதற்கு மணமாகாமை ஒரு காரணமாக முடியாது. பரிசோதனைக்கு முன் உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டு, கடைசி மாதவிடாய், கருச்சிதைவு, கருக்கலைப்பு, கருத்தடை வளையம், முன்பு செய்துகொண்ட அறுவை ஆகியவற்றைக் கண்டிக்கும் தொனியில்லாமல் கேட்டாலே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். கருக்கலைப்பை மறைக்கும் பெண் குற்றம் செய்தவள் அல்லள், பயந்திருப்பவள்.

அடுத்து, சிறுநீரில் செய்யும் கர்ப்பப் பரிசோதனை. மிக மலிவான இந்தச் சோதனையை, குழந்தை பெறும் வயதில் அடிவயிற்று வலியுடன் வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தவறாமல் செய்ய வேண்டும். கருப்பைக்கு வெளியே தரித்த கர்ப்பம் வெடித்து உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு, தொற்று என்று நினைத்து ஆன்டிபயாடிக் ஏற்றிக்கொண்டிருப்பது உயிருக்கே உலை வைப்பதாகும். முறுக்கிக்கொண்ட சினைப்பை, குடல்வால் அழற்சி ஆகியவையும் இதேபோலத் தோற்றம் காட்டக்கூடியவை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: காய்ச்சல் இல்லை, இரத்தத்தில் வெள்ளணுக்கள் கூடவில்லை என்பதைக் கொண்டு சீழ்க்கட்டி இல்லை என்ற முடிவுக்கு வரக் கூடாது. கருக்குழாயும் சினைப்பையும் சேர்ந்து சீழ் கட்டிய பெண்களில் கணிசமானோருக்கு மருத்துவமனைக்கு வரும்போது காய்ச்சல் இருப்பதில்லை.

ஸ்கேன் இருக்குமிடத்தில் யோனிவழி எடுக்கும் அல்ட்ராசவுண்ட் மிகச் சிறந்த துணை. தடித்த சுவரும் உள்ளே கலங்கலான திரவமும் கொண்ட கட்டி எவ்வளவு பெரியது, எந்தப் பக்கம் இருக்கிறது, எத்தனை அறைகளாகப் பிரிந்திருக்கிறது என்பவற்றை அது காட்டிவிடும். அது இல்லாத இடத்திலோ, அறிக்கை வர நாளாகும் இடத்திலோ, பழைய முறையான ஊசிப் பரிசோதனை இன்றும் பயன் தருவதே. யோனியை விரித்துப் பார்க்கும் கருவியான ஸ்பெகுலத்தால் கருப்பைவாயைக் கண்டு, அதைக் கருவியால் மென்மையாகப் பற்றித் தூக்கி, பின்வளைவில் கிருமிநாசினி தடவி, நீண்ட ஊசியைச் செலுத்தி மெல்ல இழுக்க வேண்டும். சீழ் வந்தால் நோய் உறுதி. உறையாத இரத்தம் வந்தால் கருப்பைக்கு வெளியே தரித்த கர்ப்பம் என்று கருதி உடனே அறுவைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். ஒன்றும் வராவிட்டால் நோய் இல்லை என்று பொருளாகாது. ஸ்கேன் வந்த பிறகு இதைக் கற்றுக்கொடுப்பதே பல பயிற்சி மருத்துவமனைகளில் குறைந்துவிட்டது. ஸ்கேன் எந்திரம் பழுதானாலும் மின்சாரம் நின்றாலும் கைகொடுக்கக்கூடிய ஒரு முறையை ஓர் இளம் மருத்துவர் ஒருமுறைகூடக் காணாமல் பயிற்சி முடித்து வெளியேறுவது கவலைக்குரியது.

சிகிச்சைக்கு வருகிறேன். சிரை வழியாக ஆன்டிபயாடிக் மருந்துகளை, சந்தேகம் எழுந்த உடனேயே, ஆய்வுக்கூட முடிவுகளுக்காகக் காத்திராமல் தொடங்க வேண்டும். இரத்த அழுத்தம் குறைந்து, நாடி விரைந்து, மூச்சு வாங்கி, மனம் குழம்பியிருந்தால் அது இரத்தத்தில் தொற்று பரவிய நிலை. முதல் ஊசி முதல் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே போயிருக்க வேண்டும், உடன் போதிய திரவமும் ஏற வேண்டும். மகப்பேற்றுச் சிக்கல்களுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு, இடுப்புக்குழிச் சீழ்க்கட்டிக்கு ஆம்பிசிலின் 2 கிராம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஜென்டாமைசின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு ஒருமுறை, மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை என்ற கூட்டை, காய்ச்சல் விட்டு 48 மணி நேரம் ஆகும் வரை கொடுக்கச் சொல்கிறது. பால்வினைத் தொற்றிலிருந்து தொடங்கிய கட்டி என்றால் செஃப்ட்ரியாக்சோன், டாக்சிசைக்ளின், மெட்ரோனிடசோல் மூன்றும் சேர்ந்த கூட்டு பொருத்தமானது. இந்தக் கூட்டை நிலைமை தேறிய பிறகு மாத்திரைகளாக மாற்றி, மொத்தம் 14 நாள்களாவது முடிக்க வேண்டும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் மருந்துத் தேர்வு மாறும். எந்தக் கூட்டைத் தேர்ந்தெடுத்தாலும் காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளைத் தாக்கும் மருந்து ஒன்று அதில் இருந்தே ஆக வேண்டும். விலையுயர்ந்த ஊசிகளை எழுதிவிட்டு, மிக மலிவான மெட்ரோனிடசோலை விட்டுவிட்ட நோயாளிக் குறிப்பேடுகளை நான் கண்டிருக்கிறேன்.

மருந்து மட்டுமே போதுமா? சிறிய கட்டிகளுக்குப் பல வேளைகளில் போதும். கட்டி பெரிதாகப் பெரிதாக அந்த வாய்ப்பு குறைகிறது. குறுக்களவு 8 சென்டிமீட்டரையோ அதற்கு மேலோ எட்டிவிட்டால் வடிகால் தேவைப்படும் என்று எதிர்பார்த்தே இருக்க வேண்டும். காரணம் எளிது. கட்டியின் தடித்த சுவரைத் தாண்டி மருந்து போதிய அளவு உள்ளே செல்வதில்லை. சென்றாலும், உள்ளே நிலவும் அமிலத்தன்மையிலும் காற்றில்லாச் சூழலிலும் ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் வலுவிழந்துவிடுகின்றன. ஆகவே 48 முதல் 72 மணி நேரம் வரை முறையாக மருந்து கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை, வலி குறையவில்லை, கட்டி சுருங்கவில்லை என்றால் அடுத்த கேள்வி எந்த மருந்தை மாற்றுவது என்பதாக இருக்கக் கூடாது. சீழை எப்படி வெளியேற்றுவது என்பதாகவே இருக்க வேண்டும். இந்த நேரக் கணக்கு வார்டில் எங்கும் எழுதப்படுவதில்லை. காலையில் ஒரு மருத்துவர், மாலையில் வேறொரு மருத்துவர் என்று பணி மாறும் இடங்களில் ஒவ்வொருவரும் இன்னொரு நாள் பார்க்கலாம் என்கிறார்கள். நோயாளிக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே சிகிச்சை தொடங்கிய நேரத்தையும், முடிவெடுக்க வேண்டிய நேரத்தையும் எழுதி வைத்தால் இந்தத் தள்ளிப்போடல் நின்றுவிடும்.

சீழை வெளியேற்றும் வழி அது இருக்கும் இடத்தைப் பொறுத்தது. கட்டி நடுவில் அமைந்து, பின்வளைவைக் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டு, தொட்டால் தளும்பினால், யோனி வழியாகத் திறந்து வடிப்பது பாதுகாப்பானது. சிறுநீர்ப்பையைக் காலி செய்து, ஊசியால் இழுத்துச் சீழை உறுதிசெய்து, அந்த ஊசியை எடுக்காமல் அதே இடத்தில் சிறு கீறல் போட வேண்டும். பிறகு ஊசியை எடுத்துவிட்டு, மழுங்கிய முனை கொண்ட கருவியையோ விரலையோ செலுத்தி, உள்ளே பிரிந்திருக்கும் அறைகளை மென்மையாக உடைத்து, சீழ் முழுவதும் வடிந்த பின் மென்மையான ரப்பர் வடிகாலை வைத்து, அது நழுவாதபடி ஒரு தையல் போட வேண்டும். சீழ் வருவது நின்ற பிறகு வடிகாலை எடுத்துவிடலாம். முழு மயக்க மருந்து வசதி இல்லாத இடத்தில் இதைக் கெட்டமைன் என்ற மயக்க ஊசி மருந்தைக் கொடுத்துச் செய்ய இயலும். அவசரத்தில் விரலை முரட்டுத்தனமாகச் சுழற்றினால் மலக்குடல் கிழியும் அபாயம் உண்டு என்பதால், இதைக் கண்டு, உடனிருந்து பழகியவரே செய்ய வேண்டும். சிறிதளவு சீழையாவது ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். காசநோய் என்ற ஐயம் இருந்தால் அதற்கான சோதனையையும் கேட்க வேண்டும். ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் உறிஞ்சி எடுக்கும் முறை, பயிற்சி பெற்றவர் இருக்கும் இடங்களில், இன்னும் எளிதானது.

கட்டி வெடித்துச் சீழ் வயிறெங்கும் பரவிவிட்டால் நிலைமை அடியோடு வேறு. வயிறு பலகைபோல விறைத்து, இரத்த அழுத்தம் சரிந்து நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போகிறார். அப்போது வயிற்றைத் திறந்து கழுவியே ஆக வேண்டும். அதில் காத்திருப்புக்கு இடமில்லை. இந்த அறுவை எளிதானதல்ல. குடல் சுருள்கள் கட்டியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும், அவற்றைப் பிரிக்கும்போது கிழியக்கூடும். அதைச் செய்ய இயலாத மருத்துவமனை நோயாளியை மேல்சிகிச்சைக்கு அனுப்புவதே முறை. ஆனால் வெறுங்கையோடு அனுப்புவது முறையல்ல. முதல் தவணை ஆன்டிபயாடிக்கைச் செலுத்தி, திரவம் ஏறிக்கொண்டிருக்க, சிறுநீர்க் குழாய் பொருத்தி, எந்த மருந்து எந்த நேரத்தில் தரப்பட்டது என்று எழுதிய கடிதத்துடன், சென்று சேரும் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் தெரிவித்து, செவிலியர் ஒருவர் உடன்வர அனுப்ப வேண்டும். பல மணி நேரப் பயணத்தில் ஒரு தவணை மருந்துகூட இல்லாமல் வந்து சேர்ந்த பெண்கள் வாசலிலேயே மயங்கி விழுவதைக் காண்பது கொடுமை.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இத்தகைய கட்டி வந்தால், உள்ளே புற்றுநோய் மறைந்திருக்கலாம் என்ற எண்ணத்துடன் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். கருத்தடை வளையம் உள்ளவருக்கு உடனே அதை எடுத்தாக வேண்டியதில்லை. இரண்டு மூன்று நாள்களில் முன்னேற்றம் இல்லையெனில் எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். பால்வினைத் தொற்றே மூலம் என்றால் கணவருக்கோ துணைவருக்கோ சிகிச்சை அளிக்காமல் பெண்ணை மட்டும் குணப்படுத்தி அனுப்புவதில் பயனில்லை, தொற்று திரும்பி வரும். எச்.ஐ.வி. பரிசோதனையையும் அவரது ஒப்புதலுடன் செய்ய வேண்டும். ஒருமுறை சீழ் கட்டிய கருக்குழாய் அடைபடக்கூடும். பின்னாளில் குழந்தையின்மையும், கருப்பைக்கு வெளியே கர்ப்பம் தரிப்பதும், நாள்பட்ட இடுப்பு வலியும் ஏற்படக்கூடும். இதை அந்தப் பெண்ணிடம் தனியே, அவருக்குப் புரியும் சொற்களில் சொல்லியனுப்ப வேண்டியது நம் கடமை. மறுமுறை கருவுற்றால் தொடக்கத்திலேயே வந்து ஸ்கேன் எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

மருத்துவமனை நிர்வாகிகளிடம் நான் வேண்டுவது அதிகமில்லை. பெண்களைப் பரிசோதிக்கும் அறைக்கு ஒரு திரையும், நல்ல விளக்கும், உடன் நிற்க ஒரு பெண் ஊழியரும் வேண்டும். கர்ப்பப் பரிசோதனை அட்டைகளும் மெட்ரோனிடசோலும் ஒருநாளும் தீர்ந்துபோகக் கூடாது. ஸ்பெகுலம், நீண்ட ஊசி, வடிகால் குழாய் ஆகியவை கிருமி நீக்கி ஒரே தட்டில் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். நள்ளிரவில் ஒவ்வொன்றாகத் தேடும் நிலை வரக் கூடாது. மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்ட பெண் என்ன ஆனார் என்ற செய்தி அனுப்பிய மருத்துவருக்குத் திரும்பி வர ஏற்பாடு செய்ய வேண்டும், ஏனெனில் அந்தத் தகவல் கிடைக்காததால்தான் அதே பிழை அதே இடத்தில் மறுபடியும் நடக்கிறது.

தங்கள் நாளிதழைப் படிக்கும் பெண்களுக்கும் அவர்களது வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். பிரசவத்துக்கோ, கருச்சிதைவுக்கோ, கருக்கலைப்புக்கோ, அடிவயிற்று அறுவைக்கோ பிறகு காய்ச்சல் வந்தால், அடிவயிற்று வலி குறையாமல் நீடித்தால், வெள்ளைப்படுதல் நாறினால், சளி மட்டும் போகும் வயிற்றுப்போக்கு மாத்திரைக்குக் கட்டுப்படாமல் இருந்தால், கடையில் தாமாக மருந்து வாங்கிச் சாப்பிட்டு நாளைக் கடத்தாமல் மருத்துவமனைக்கு வாருங்கள். கரு கலைந்திருந்தால், கலைக்கப்பட்டிருந்தால், எங்கே, எப்படி என்பதையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மற்றவர்கள் இருப்பதால் சொல்ல முடியவில்லை என்றால், தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். அப்படிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இங்ஙனம்,
மகப்பேறு மற்றும் பெண்கள் நல மருத்துவர் ஒருவர்